இல்லாத தசையும் வெட்டிய மீனும்

“பெருவிரலையும் சின்ன விரலையும் முட்ட வையுங்க. இப்ப மணிக்கட்டை உள்ளுக்கு மடக்குங்க.”

டொக்டர் இதை என் மகனிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

நான் மகனைக் காட்டத்தான் போயிருந்தேன். மகன் றிஸ்வானுக்கு அப்போது ஆறு வயது. மேசைக்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறான். பக்கத்து வாங்கில் என் மனைவி ஆசியா, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருக்கிறாள். டொக்டரோ என் கையைப் பிடித்துப் பார்க்கிறார். காலையில் மீன் விற்ற கை. எவ்வளவு சவர்க்காரம் போட்டும் வாடை போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மடக்கினேன். இடது மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல ஒன்று எழும்பி நின்றது.

“அது தசைநார். இனி வலக்கை.”

வலக்கையில் ஒன்றும் எழும்பவில்லை. இன்னும் இறுக்கி மடக்கினேன். அப்போதும் இல்லை.

“உங்களுக்கும் ஒரு தசை பிறப்பிலேயே இல்ல, காக்கா,” என்று எங்கள் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துச் சொன்னார் டொக்டர். “எத்தனை வருஷமா சைக்கிள் மிதிச்சு மீன் விக்கிறீங்க?”

“பதினஞ்சு வருஷம் இரிக்கும், டொக்டர்.”

“ஒரு நாளாவது அது இல்லையெண்டு தெரிஞ்சதா?”

நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மிஸியும், நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், தன் கையை மடக்கிப் பார்த்தார். அவருக்கு இரண்டு கையிலும் இருந்தது. ஏதோ பரீட்சையில் பாஸானதுபோலச் சிரித்தார்.

அந்த டொக்டர் ஒரு பெண். திருக்கோவில் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்து ஆள். மாதம் ஒருதரம் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் அதை விரும்பமாட்டார் என்று நினைக்கிறேன். என் துஆவில் அந்தப் பெயர் இன்றைக்கும் உண்டு.

அவரிடம் நாங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லவேண்டும். அதைச் சொல்வதென்றால், நான் பல வருடம் வாய்க்குள் வைத்திருந்த ஒன்றையும் சொல்லவேண்டும்.

மகனின் நெஞ்சு

றிஸ்வானின் இடப்பக்கத்து நெஞ்சு எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான். வலப்பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும். விலா எலும்பின் மேல் தோல் மட்டும்தான். மூச்சு இழுக்கும்போது அந்தப் பக்கத்து எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கையைத் தூக்கினால் கமுக்கட்டுக்கு முன்னால் ஒரு மடிப்பு வருமே, அது அவனுக்கு வலப்பக்கம் வராது. வலக்கை விரல்கள் கட்டையானவை. நடுவில் இரண்டு விரல்கள் தோலால் ஒட்டியிருந்தன.

அந்தக் கையால் அவன் சோறு தின்றான், எழுதினான், ஸலாம் சொல்லிக் கை கொடுத்தான், மாங்காய்க்குக் கல்லெறிந்தான். தென்னை ஏறுவதற்கும் ஒருநாள் பார்த்தான். கீழே நின்று நான் கத்திய கத்தில் இறங்கிவிட்டான்.

கடற்கரையில் பிள்ளைகள் “அரை நெஞ்சான்” என்று கூப்பிடுவார்கள். அவன் சண்டைக்குப் போவான். சிலநாள் அடித்துவிட்டு வருவான், சிலநாள் வாங்கிக்கொண்டு வருவான். ஆசியா இரண்டுக்கும் அழுவாள்.

கிரகணத்து நாள்

அவன் பிறந்தது எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு இரண்டாம் வருடம். எங்கள் பக்கத்து ஆட்கள் எதையும் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். என் வீட்டுக்கும் அதுதான் கணக்கு. என் வீடு என்கிறேன், அது ஆசியாவின் வீடு. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் எங்கள் வழக்கம்.

அவள் வயிற்றில் அவன் ஏழு மாதம். அன்றைக்குப் பின்நேரம் சூரிய கிரகணம். எனக்கோ காலையில் கரைவலையில் நல்ல சூரை மீன் கிடைத்திருந்தது. பெட்டி நிறைய ஐஸ் போட்டு, சைக்கிளில் சம்மாந்துறைப் பக்கம் போனேன். ஹோர்ன் அடித்து அடித்துக் கை ஓய்ந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. கிரகணத்தன்று யார் மீன் வாங்கிச் சமைப்பார்கள்? நான் அதை யோசிக்கவே இல்லை. ஐஸ் கரைந்து பெட்டியிலிருந்து வழி நெடுகச் சொட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினேன்.

“இதை வெட்டி உப்புப் போடு. கருவாடாகவாவது தேறும்.”

“இஞ்சாருங்க, கிரகணம் விட்டதும் வெட்டுறன். வயித்துப்புள்ளக்காரி இந்த நேரம் கத்தி தொடக்கூடா எண்டு சொல்றாங்க.”

“அதுக்குள்ள மீன் நாறிப்போகும். இதெல்லாம் மார்க்கத்தில இல்லாத கதை. பிஸ்மி சொல்லிட்டு வெட்டு.”

சொல்லிவிட்டு வுளூச் செய்துகொண்டு பள்ளிக்குப் போனேன். கிரகணத் தொழுகை நடந்தது. கிரகணம் ஆளுக்கு நன்மையோ தீமையோ கொண்டுவருவதில்லை, அல்லாஹ்வை நினைத்துத் தொழுங்கள் என்று மௌலவி சொன்னார். நான் சொன்னதும் அதுதானே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

கிரகணம் விட்ட கையோடு என் மூத்த சகோதரி, ராத்தா, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஆசியாவின் கையில் கத்தியையும், பிளந்து உப்புப் போட்ட மீனையும் கண்டிருக்கிறாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது இரண்டுபேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி குளிப்பாட்டும்போது முதலில் கையைக் கண்டாள், பிறகு நெஞ்சைக் கண்டாள். ராத்தா தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

“நான் எண்ட கண்ணால கண்டன். கிரகணத்தில மீன் வெட்டினவள். மீனைப் பொளந்த மாதிரியே புள்ளட நெஞ்சையும் பொளந்து எடுத்திட்டு.”

எல்லாரும் ஆசியாவைப் பார்த்தார்கள். ஆசியா என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையைப் பார்த்தேன்.

அவள் வாய் திறந்து, “இவர்தான் வெட்டச் சொன்னார்,” என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வாயால் அதெல்லாம் மூடத்தனம் என்று சொன்னவன் நான். பிள்ளையின் நெஞ்சைக் கண்டதும் எனக்கே பயம் பிடித்துவிட்டது. ஒருவேளை அது உண்மையாக இருந்தால்? அப்போது குற்றம் என் தலையில் அல்லவா விழும்? அந்த நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு நாள் பேசாமல் இருந்தால் மறுநாள் பேசுவது இன்னும் கஷ்டம். அப்படியே ஆறு வருடம் போய்விட்டது.

குடிப்பேச்சு

ராத்தா கெட்டவள் அல்ல. எங்கள் உம்மா சின்ன வயதிலேயே மௌத்தாகிப் போனதால் என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். றிஸ்வானுக்கு யாராவது பட்டம் சொன்னால் அவர்கள் வீட்டு வாசலுக்கே போய் ஏசுவாள். ஆனால் அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கிரகணம் ஒன்று. அது போதாதென்று ஆசியாவின் குடி.

எங்கள் ஊர்களில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. பிள்ளை தாயின் குடி. பள்ளிக் காரியத்திலும் கலியாணப் பேச்சிலும் அதைத்தான் கேட்பார்கள். அதனால் பிள்ளைக்கு ஒரு குறை என்றால் தாயின் குடியில்தான் தேடுவார்கள். ஆசியாவின் குடியில் கையில்லாத ஒரு மூத்தப்பா இருந்தாரா, கூனல் விழுந்த ஒரு பெரியம்மா இருந்தாளா என்று ராத்தா துருவித் துருவி விசாரித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் நம்பவில்லை.

“மறைக்கிறாங்க,” என்பாள்.

எங்கள் குடியில் ஒருவரும் தேடவில்லை. தேடவேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

திங்களும் வியாழனும்

ஆறு வருடம் ஆசியா இன்னொரு பிள்ளைக்குத் தங்கவில்லை. பிறகு அல்லாஹ் நாடினான். மூன்று மாதம் கடந்தபோது அவள் நோன்பு பிடிக்கத் தொடங்கினாள். திங்களும் வியாழனும் பிடிப்பது நபிவழிச் சுன்னத்துதானே என்று நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு புதன் பிடித்தாள். சனி பிடித்தாள். விடியுமுன் ஸஹருக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான். கன்னம் ஒட்டிப்போனது. வளையல் முழங்கைவரை ஏறியது.

“வயித்துப்புள்ளக்காரிக்கு நோன்பைப் பிந்திப் பிடிக்க மார்க்கமே இடம் குடுத்திரிக்கே,” என்றேன்.

“எனக்கு ஏலும்,” என்றாள்.

ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் பாயில் இருந்து அவள் துஆக் கேட்பது என் காதில் விழுந்தது.

“யா அல்லாஹ், எண்ட கையால வந்ததை மூத்தவனோட நிப்பாட்டு. இந்தப் புள்ளைக்கு வேணாம். எனக்கு என்ன வேணுமெண்டாலும் தா.”

எனக்கு விளங்கியது. அவள் பிடித்தது சுன்னத்தான நோன்பு அல்ல. நான் சொல்லிச் செய்த ஒரு காரியத்துக்கு அவள் தண்டம் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் எழும்பிப்போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை மீன் விற்றுவிட்டுப் பத்து மணிபோல வந்தால், கிணற்றுக்கட்டில் அவள் விழுந்து கிடக்கிறாள். வாளி கவிழ்ந்து மண்ணெல்லாம் ஈரம். றிஸ்வான் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “உம்மா, உம்மா,” என்று அந்தச் சின்னக் கையால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறான்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் தாய் இப்படியே போனால் ஒன்றுக்கும் பொறுப்புச் சொல்லமுடியாது என்றார்கள். அங்கே நின்ற மிஸிதான் றிஸ்வானின் கையைக் கண்டுவிட்டு, “வியாழக்கிழமை புள்ளைகளைப் பாக்கிற டொக்டர் வருவா. மூணுபேரும் வாங்க,” என்றார்.

கடலை அளவு

இப்படித்தான் அந்த வியாழக்கிழமை நாங்கள் டொக்டரின் மேசைக்கு முன்னால் இருந்தோம். அன்றைக்கும் ஆசியா நோன்பு. எனக்குக்கூடச் சொல்லவில்லை. அவளுடைய உதடு வெடித்திருந்ததைக் கண்டுதான் தெரிந்துகொண்டேன்.

டொக்டர் றிஸ்வானை இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். இடப்பக்கம் நெஞ்சு திரண்டு இறுகியது. வலப்பக்கம் அசையவில்லை.

“இந்த இடத்தில விசிறி மாதிரி ஒரு பெரிய தசை இருக்கவேணும். மேலே தோளெலும்புப் பக்கம் கொஞ்சம் இருக்கு. மிச்சம் இல்ல. அதுக்குக் கீழ இருக்கிற சின்னத் தசையும் இல்ல. ஆனா பாருங்க, கையைத் தூக்குறான், எறியிறான். தோள் தசையும் முதுகுத் தசையும் சேந்து வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிட்டு. இதயத்துக்கும் நெஞ்சறைக்கும் ஒண்டுமில்ல. கொழும்புக்குப் போனா விரலைப் பிரிச்சு விடலாம்.”

பிறகு என்னிடம் கேட்டார். “குடும்பத்தில வேற யாருக்காவது இப்பிடி?”

“இவட குடியில ஒருத்தருக்கும் இல்ல டொக்டர். நல்லா விசாரிச்சுப் பாத்திட்டம்.”

“உங்கட பக்கம்?”

எனக்குக் கேள்வியே புரியவில்லை. “எண்ட பக்கம் பாத்து என்ன டொக்டர்? புள்ள தாய்ட குடிதானே.”

டொக்டர் சிரித்தார். “எங்கட ஊரிலயும் குடி தாய்வழிதான். ஆனா கருவுக்கு அது தெரியாது. பாதி அவட, பாதி உங்கட. தேடுறதெண்டா ரெண்டு பக்கமும் தேடோணும்.”

அப்போதுதான் என் கையை மடக்கச் சொல்லி, எனக்கு ஒரு தசை இல்லை என்பதைக் காட்டினார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“அப்ப என்னாலதான் மகனுக்கு…”

“இல்ல, இல்ல. அது வேற, இது வேற. உங்களைப்போல எத்தனையோ பேருக்கு அந்தத் தசை இல்ல. இல்லாமப் பிறக்கிறது ஒரு சாபமில்லை எண்டு காட்டத்தான் மடக்கச் சொன்னன். மகன்ட குறை அனேகமா யாரிட்டயிருந்தும் வாறதில்ல.”

ஆசியா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். ஆஸ்பத்திரிக்குள் வந்தபிறகு அவள் பேசிய முதல் பேச்சு இது.

“டொக்டர், நான் கிரகணத்தில மீன் வெட்டினன்.”

மிஸி சிரிக்கப் பார்த்தார். டொக்டர் சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்தார்.

“அப்ப எத்தனை மாசம்?”

“ஏழு.”

“தங்கச்சி, நல்லாக் கேளுங்க. கையும் நெஞ்சுத் தசையும் உருவாகிறது ஆறாம் ஏழாம் கிழமையில. மாசத்தில இல்ல, கிழமையில. அப்ப புள்ள ஒரு கடலை அளவு. கை முளைக்கிற இடமும் நெஞ்சு முளைக்கிற இடமும் பக்கத்துப் பக்கத்தில. அந்த நேரம் அங்க போற ரத்தக் குழாயில ஒரு தடங்கல் வந்திருக்கலாம் எண்டு சிலபேர் சொல்றாங்க. வாய்க்கால்ல தண்ணி நிண்டுபோனா அந்த வரவையில நெல்லு விளையாதே, அது மாதிரி. சரியான காரணம் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா இது மட்டும் தெரியும். நீங்க கத்தி எடுத்த நேரம், இந்தக் கை இப்பிடியே அஞ்சு மாசமா உங்கட வயித்துக்குள்ள இருந்தது.”

ஆசியா விரல்விட்டு ஏதோ எண்ணினாள். பிறகு கேட்டாள்:

“அப்ப அந்த ஆறாம் கிழமை நான் என்ன செய்தன்?”

யா அல்லாஹ். ஒரு குற்றத்தை இறக்கிவைத்ததும் இன்னொன்றைத் தேடுகிறாள்.

“ஒண்டும் செய்யல்ல,” என்றார் டொக்டர். “முழுகாம இருக்கிறதே உங்களுக்கு அப்ப சரியாத் தெரிஞ்சிருக்காது.”

“இந்தப் புள்ளைக்கும் வருமா?”

“சில குடும்பத்தில திரும்ப வந்திருக்கு, ஆனா அப்பிடி வாறது சரியான அபூர்வம். வராது எண்டு சத்தியம் பண்ணிச் சொல்ல எனக்கு ஏலாது. அனேகமா வராது. ஆனா நீங்க பட்டினி கிடந்தா அந்தப் புள்ள மெலியும். அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வன்.”

வாசிப்பவர்கள் பதைக்கக்கூடாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை பெண்பிள்ளை. கையும் நெஞ்சும் ஒழுங்காகப் பிறந்தாள். றிஸ்வானின் விரலையும் பிற்காலத்தில் பிரித்தோம். ஆனால் நான் சொல்லவந்தது அதை அல்ல.

முற்றத்தில்

ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தோம். மகன் முன்னால் ஓடினான். ஆசியா எனக்கு இரண்டடி பின்னால் வந்தாள். மீன் சந்தையைத் தாண்டியபின் அவள் சொன்னாள்:

“ஆறு வருஷம்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ராத்தா இருக்கிறாள். ஆசியா மயங்கி விழுந்ததைக் கேள்விப்பட்டு நாலைந்து முட்டையைப் பிடவையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். பன்விசிறியால் விசிறிக்கொண்டே கேட்டாள்:

“என்னவாம் டொக்டர்?”

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். கடலை அளவு, ஆறாம் கிழமை, அஞ்சு மாசம், எல்லாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். டொக்டரின் வார்த்தையே போதும். மீன் ஒரு பொருட்டல்ல என்று ஆனபிறகு, யார் வெட்டச் சொன்னது என்று யார் கேட்கப்போகிறார்கள்? அந்த எண்ணம் எனக்கு வரத்தான் செய்தது. அல்லாஹ் அறிந்ததை நான் மறைத்து எழுத ஏலாது.

ராத்தா உதட்டைப் பிதுக்கினாள். “டொக்டர்மாருக்கு ஆயிரம் கதை. கிரகணத்தில கத்தி எடுக்காம இரிந்திருந்தா ஒரு கரைச்சலும் இல்லயே.”

ஆசியா உள்ளே போகத் திரும்பினாள்.

“ராத்தா,” என்றேன். “அந்த மீனை வெட்டச் சொன்னது நான்.”

“எந்த மீனை?”

“அந்த மீனைத்தான். அவள் ஏலாதெண்டவள். நான்தான் ஏசி வெட்டச் சொன்னன். சொல்லிட்டுத் தொழப் போனன்.”

விசிறி நின்றது. “நீயா தம்பி? இவள் ஒருநாளும் அப்பிடிச் சொல்லல்லயே.”

“அவள் சொல்லல்ல. நானும் சொல்லல்ல.”

ராத்தா என்னையும் ஆசியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் என் பக்கம் வரப்போகிறாளா, ஆசியாவின் பக்கம் போகப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை போல. கடைசியில் பழகிய வழியே போனாள்.

“அதுக்கு? ஆம்புள சொன்னா உடனே வெட்டுறதா? ஆம்புளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கிணத்துல குதி எண்டாலும் குதிப்பாளா இவள்?”

வாசற்படியில் நின்ற ஆசியா திரும்பினாள். சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பல்லைக் கண்டேன்.

“குதிச்சிரிப்பன் மதினி. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. இனிக் குதிக்கமாட்டன்.”

வந்து ராத்தாவுக்குப் பக்கத்தில் பாயில் காலை நீட்டி இருந்தாள். வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்க. குடிக்கத் தண்ணி கொண்டுவாங்க.”

“இண்டைக்கு வியாழன். நோன்பில்லயா நீ?” என்றாள் ராத்தா.

“நோன்புதான். விடப்போறன்.”

நண்பகல் லுஹருக்கே இன்னும் பாங்கு சொல்லவில்லை. வெயில் முற்றத்தில் நெருப்பாக விழுந்துகொண்டிருந்தது. நான் குசினிக்குள் போனேன். ஏழெட்டு வருடம் இருந்த வீடு. தண்ணீர்ப் பானை எங்கே என்று தெரியும், கோப்பையை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை ஒரு நாளும் நான் எடுத்ததில்லை. தேடிப் பார்த்துவிட்டு, செம்பிலேயே மொண்டுகொண்டு வந்தேன்.

ராத்தா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசியா பிஸ்மி சொல்லி மூன்று மிடறாகக் குடித்தாள். கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“இன்னும்,” என்றாள்.

நான் திரும்பவும் குசினிக்குப் போனேன்.